வளவில் பறப்பதை முத்திரையில் தேடுவது எப்படி: வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி முத்திரை சேகரிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முள்ளியவளையில் எட்டாம் வகுப்பு படித்த காலத்தில், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன இடத்தில் ஐயா எனக்கு ஒரு முத்திரைப் பொட்டலம் வாங்கித் தந்தார். கண்ணாடித் தாளுக்குள் பளபளவென்று வண்ணத்துப்பூச்சி முத்திரைகள். அஜ்மான், உம் அல் குவைன், புஜைரா என்று வாயில் நுழையாத பெயர்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கொப்பியில் சோற்றுப் பசையால் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டேன். அந்த ஒட்டு வேலையில் முத்திரைகள் பாழாகும் என்று சொல்லித்தர யாரும் இருக்கவில்லை.

அந்தப் பொட்டலத்தில் ஒரேயொரு முத்திரை மட்டும் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. செம்மஞ்சள் சிறகு, கறுப்பு நுனி, அதில் வெள்ளைப் புள்ளிகள். ஏதோ ஓர் ஆபிரிக்க நாட்டு முத்திரை. ஆனால் அந்தப் பூச்சியை எனக்குத் தெரியும். எங்கள் கோடிப்புறத்து எருக்கலையில் நாள்தோறும் வந்து உட்காருவது அதுதான். அன்று மாலை முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு எருக்கலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் முத்திரை சேர்க்கத் தொடங்கியது உண்மையில் அந்த மாலையில்தான். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகும் முறையும் அங்கிருந்து வந்ததே: முதலில் பூச்சி, பிறகு முத்திரை.

1. எல்லை போடுங்கள்

வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் உலக முத்திரைகளில் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று இறங்கினால் காசும் தீரும், ஆசையும் தீரும். அதனால் ஓர் எல்லை வேண்டும். சிலர் ஒரு நாட்டை எடுப்பார்கள், சிலர் ஒரு குடும்பத்தை எடுப்பார்கள். வன்னியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் எல்லை வேறு: உங்கள் கண்ணால் உங்கள் ஊரில் பார்த்த இனங்கள். அவை எந்த நாட்டு முத்திரையில் வந்தாலும் உங்கள் தொகுப்புக்குள் வரலாம். மற்றவை, எவ்வளவு அழகாக இருந்தாலும், பின்னால் வரட்டும்.

இது சின்ன எல்லை போலத் தோன்றும். இலங்கையில் ஏறக்குறைய 250 வகை வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன. அவற்றில் மலைநாட்டு ஈரக்காடுகளுக்கே உரியவை பல. ஆனால் எங்கள் உலர்வலயத்துப் பூச்சிகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. அவற்றில் பல நெடுந்தூரம் பரவியவை. எருக்கலையில் வரும் அந்தச் செம்மஞ்சள் பூச்சி ஆபிரிக்கா முழுவதும், அரபு நாடுகள், இந்தியா, அவுஸ்திரேலியா வரை இருக்கிறது. அதனால் பல நாட்டு முத்திரைகளில் அதைத் தேடலாம். ஒரு கிளிநொச்சி வளவில் இருந்துகொண்டே அரை உலகத்தைச் சுற்றலாம்.

2. ஒரு வருடம் வளவைப் பாருங்கள்

முத்திரை வாங்குவதற்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, இடம், எந்தச் செடி, என்ன நிறம். இவ்வளவும் போதும். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது. பிடிக்க வேண்டாம். சுண்டிக்குளம், மடு வீதி போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் பிடிப்பது சட்டப்படியும் குற்றம். வெளியே இருந்தாலும், ஊசி குத்திய பூச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்? படமும் முத்திரையும் போதும்.

பூச்சியைத் துரத்திப் போகத் தேவையில்லை. செடிக்குப் பக்கத்தில் காத்திருங்கள். வண்ணத்துப்பூச்சி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும், ஆனால் முட்டையிடுவது தன் பிள்ளைகள் தின்னும் இலையில் மட்டும்தான். ஆகவே செடி தெரிந்தால் பாதிப் பூச்சி தெரிந்த மாதிரி.

தேசி மரத்தின் இளங்குருத்தில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் தட்டிவிடாமல் பாருங்கள். அது புழு. சில நாளில் தோல் கழற்றிப் பச்சையாகும். விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னால் இருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும். தேசியில் வருவது பெரும்பாலும் எலுமிச்சை அழகி. கறிவேப்பிலையில் இதன் உறவுக்காரி கறிவேப்பிலை அழகியும் வரும். (இந்தப் பெயர்கள் தமிழகத்துப் பூச்சி ஆர்வலர்கள் வைத்தவை. எங்கள் பக்கத்தில் எல்லாமே வண்ணத்துப்பூச்சிதான், புழு என்றால் எல்லாமே மசுக்குட்டிதான். அதனால் கடன் வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை.)

எருக்கலையில் வெந்தய வரியன். முத்திரையில் நான் முதலில் கண்டது இதைத்தான். கொன்றை மரத்தில் இளமஞ்சளும் வெள்ளையுமாக வேகமாகப் பறப்பவை. மாரி முடிந்து மாசி, பங்குனியில் ஏ9 வீதியைக் கூட்டம் கூட்டமாகக் கடப்பவற்றில் இவையும் உண்டு. சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகின்றன என்று வயதானவர்கள் சொல்வார்கள். சிங்களத்தில் அந்த மலைக்கே சமனல கந்த, அதாவது வண்ணத்துப்பூச்சி மலை என்று பெயர். அலரியில் கறுப்புச் சிறகும் வெள்ளைப் புள்ளியுமாக ஒன்று. அதன் கூட்டுப்புழு இலைக்கடியில் வெள்ளித் தோடு போலத் தொங்கும். முதன்முறை கண்டபோது யாரோ நகையைத் தொலைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆடுதீண்டாப்பாளை வளரும் இடத்தைத் தேடிப் போங்கள். அங்கே ஒரு ராசா வருவார். அவரைப் பற்றி அடுத்த படியில்.

3. பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

இந்தப் பொழுதுபோக்கின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முத்திரைகளில் பூச்சியின் அறிவியல் பெயரை அச்சிடுவது வழக்கம். ஊர்ப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும், அறிவியல் பெயர் மாறாது. எனவே உங்கள் கொப்பியில் ஒவ்வொரு பூச்சிக்கும் அந்த இரண்டு சொற் பெயரை எழுதுங்கள். வெந்தய வரியன் என்றால் டனாவுஸ் கிரிசிப்பஸ். எலுமிச்சை அழகி என்றால் பப்பிலியோ டெமோலியஸ். கறிவேப்பிலை அழகி பப்பிலியோ பொலிட்டஸ். இந்த மூன்றுக்கும் பெயர் வைத்தவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ், ஆண்டு 1758.

ஆடுதீண்டாப்பாளைக்கு வரும் ராசாவுக்கும் அவரே பெயர் வைத்தார்: ஹெக்டர். கறுப்பு முன்சிறகில் வெள்ளைப் பட்டைகள், பின்சிறகில் குங்குமச் சிவப்புப் பொட்டுகள், உடம்பும் சிவப்பு. கிரேக்கக் கதையில் ஹெக்டர் திரோய் நகரத்து இளவரசன். பொலிட்டஸ் அவனுடைய தம்பி. லின்னேயஸ் கறுப்பும் சிவப்புமான சில பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்குத் திரோய் வீரர்களின் பெயர்களைச் சூட்டினார். ஆனால் அண்ணன் தம்பிப் பெயர் இவ்வளவு பொருந்திப் போகும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஏனென்றால் பொலிட்டஸின் பெண்களில் ஒரு வகை, அசல் ஹெக்டர் போலவே வேடம் போடுகிறது.

காரணம் இதுதான். ஹெக்டரின் புழு நச்சுச் செடியைத் தின்று வளர்வதால் பூச்சியின் உடம்பிலும் நச்சு இருக்கும். ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை கிட்ட வராது. கறிவேப்பிலை தின்று வளர்ந்த பொலிட்டஸுக்கு அந்த நச்சு இல்லை, அதனால் ஹெக்டரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. வளவில் இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. உடம்பைப் பாருங்கள். சிவப்பென்றால் ஹெக்டர். கறுப்பென்றால் பொலிட்டஸ் பெண்.

இதே கதை எருக்கலைப் பக்கமும் நடக்கிறது. வெந்தய வரியன் எருக்கலைப் பால் குடித்து நஞ்சேறியது. ஹிப்போலிம்னஸ் மிசிப்பஸ் என்ற இன்னொரு பூச்சியின் பெண் அதைப் போலவே செம்மஞ்சளாக வரும். பின்சிறகின் நடுவில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியன். நடுவில் ஒன்றுமில்லாமல் மேல் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் இருந்தால் மிசிப்பஸ் பெண். மிசிப்பஸ் ஆண் முற்றிலும் வேறு: கருஞ்சிறகில் பெரிய வெள்ளை வட்டங்கள், அவற்றைச் சுற்றி ஊதா மினுக்கம். முத்திரை வரைபவர்களுக்கு இந்த ஆணைத்தான் பிடிக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்த முத்திரை கிடைத்தால் விடாதீர்கள். மிசிப்பஸ் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் மட்டுமன்றிக் கரிபியன் தீவுகளிலும் இருப்பதால் தேடும் பரப்பும் பெரியது.

இனி ஒரு பொறி. ஆபிரிக்க முத்திரைகளில் எலுமிச்சை அழகி போல ஒன்று அடிக்கடி வரும். மகிழ்ச்சியில் உடனே சேர்த்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் டெமோடோகஸ், டெமோலியஸின் ஆபிரிக்க உடன்பிறப்பு. பெயரின் முதற்பாதி ஒன்றாக இருப்பதால் நானே இரண்டு வருடம் ஏமாந்திருக்கிறேன். முத்திரையில் அச்சிட்ட பெயரைக் கடைசி எழுத்து வரை வாசியுங்கள். டெமோடோகஸைத் தூக்கி எறியவும் வேண்டாம், பக்கத்தின் கீழே "ஆபிரிக்க உறவு" என்று எழுதி வையுங்கள்.

4. அந்துப்பூச்சிக்கு ஒரு தனிப் பகுதி

பலரும் வண்ணத்துப்பூச்சியோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. அந்துப்பூச்சி இனங்கள் வண்ணத்துப்பூச்சியை விடப் பல மடங்கு. பிரித்தறிய உணர்கொம்பைப் பாருங்கள்: நுனியில் குமிழ் இருந்தால் வண்ணத்துப்பூச்சி, இறகு போல அல்லது நூல் போல இருந்தால் பெரும்பாலும் அந்து. பகலில் பறக்கிறது, வர்ணமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் பிழைக்கும். மடகஸ்காரின் சூரியாஸ்தமன அந்துப்பூச்சி பகலில் பறப்பது, வானவில் நிறம், வாலும் உண்டு. முத்திரையில் அதைப் பார்க்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் வண்ணத்துப்பூச்சி என்றே சொல்வார்கள்.

வன்னியில் அந்துப்பூச்சியை முதலில் அறிந்தவர் கமக்காரர்தான். நெல்லில் வெண்கதிர் விழுந்தால் தண்டு துளைப்பான் என்பார். அதன் தாய் ஒரு வெளிர்மஞ்சள் அந்து. சோளத்தில் 2018 இல் வந்து நாட்டையே கலக்கிய படைப்புழுவின் தாயும் அந்துதான். எள்ளுத் தோட்டத்தில் வாலில் கொம்பு வைத்த விரல் தடிப்புப் புழுவைக் கண்டிருப்பீர்கள். அது வளர்ந்தால் முதுகில் மண்டையோடு போன்ற அடையாளத்தோடு வரும், பிடித்தால் கீச்சிடும், இரவில் தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் திருடும். ஐரோப்பிய, ஆபிரிக்க முத்திரைகளில் இருக்கும் மண்டையோட்டு அந்து அட்ரோபோஸ் என்ற இனம். எங்கள் எள்ளில் வருபவை ஸ்டிக்ஸும் லாக்கெசிஸும். மரணத்தோடு தொடர்புள்ள கிரேக்கப் பெயர்கள். முகம் பார்த்துப் பயந்து வைத்த பெயர், பாவம் அந்தப் பூச்சி.

அலரியில் இன்னொன்று: பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த, பாசி பிடித்த சலவைக்கல் போன்ற சிறகு. டஃப்னிஸ் நேரியை. இதுவும் ஆபிரிக்கா, தென் ஐரோப்பா, ஆசியா என்று பரந்து வாழ்வது. முத்திரையில் கண்டால் எடுங்கள்.

பட்டுப்பூச்சியையும் மறக்க வேண்டாம். லெபனான் 1930 இல் பெய்ரூத்தில் நடந்த பட்டு மாநாட்டுக்காகப் புழு, கூடு, அந்து மூன்றையும் காட்டும் முத்திரைகளை வெளியிட்டது. பூச்சி முத்திரைகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. விலை கூடியது. படம் பார்த்து மகிழ்ந்தாலே போதும்.

5. முத்திரை எங்கிருந்து வரும்?

உள்ளூரில் கடை இல்லை என்று கவலைப்பட வேண்டாம். வன்னியில் எந்த வீட்டைத் தட்டினாலும் சுவிஸில் ஒரு மாமா, ரொறன்ரோவில் ஒரு சித்தி, பாரிஸில் ஒரு மச்சான் இருப்பார். அதுதான் எங்கள் மூலதனம். இப்போது எல்லாம் வட்ஸ்அப்தான், கடிதம் எழுத மாட்டார்கள். ஆனால் "மாமா, ஒரு கடித உறையில் பூச்சி முத்திரை ஒட்டி அனுப்புங்கோ" என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். என்ன கேட்க வேண்டும் என்பதைத் திட்டமாகச் சொல்லுங்கள்.

சுவிஸில் இருப்பவரிடம்: 1950 முதல் 1957 வரை ஆண்டுதோறும் சிறுவர் நலனுக்காக வெளிவந்த புறோ யுவன்ட்யூட் பூச்சி வரிசை. அச்சும் நிறமும் அப்படி இருக்கும். பழம்பொருட் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும். இங்கிலாந்தில் இருப்பவரிடம்: 1981 மே மாதத்து நான்கு வண்ணத்துப்பூச்சி முத்திரைகள். அதில் பெரிய நீலம் என்ற பூச்சி, முத்திரை வருவதற்கு இரண்டு வருடத்துக்கு முன் 1979 இலேயே அந்நாட்டில் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பிறகு சுவீடனில் இருந்து கொண்டுவந்து மீண்டும் பெருக்கினார்கள். இவை எங்கள் வளவுப் பூச்சிகள் அல்லதான், ஆனாலும் தொகுப்பின் முன்பக்கத்துக்கு ஒரு நாலைந்து வரலாற்று முத்திரை வேண்டும்.

அமெரிக்காவில் இருப்பவரிடம்: 2010 இல் வந்த 64 சத மொனார்க் முத்திரை. இது எங்கள் வெந்தய வரியனின் ஒன்றுவிட்ட சகோதரம். அங்கே சதுர உறைகள் இயந்திரத்தில் போகாது, கையால் பிரிக்க வேண்டும், அதற்குக் கூடுதல் கட்டணம். அந்தக் கட்டணத்துக்கு அடையாளமாக வண்ணத்துப்பூச்சியை வைத்தார்கள். வாழ்த்து அட்டை விற்கும் நிறுவனங்கள் உறையின் மூலையிலேயே பூச்சி நிழலுரு அச்சிட்டு, இங்கே பூச்சி முத்திரை ஒட்டவும் என்று காட்டின. கலியாண அழைப்பிதழ் வரும் உறைகளைக் கவனியுங்கள்.

இலங்கை முத்திரைக்குக் கொழும்பில் தபால் தலைமையகத்தில் உள்ள முத்திரைப் பணியகம். எங்கள் நாட்டின் முதல் முத்திரை வந்தது 1857 ஏப்ரல் 1. வண்ணத்துப்பூச்சித் தொகுதிக்கு 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் உள்ள செத்தோசியா நீட்னேரியின் ஆங்கிலப் பெயரில் "தமிழ்" என்ற சொல் இருக்கிறது. சிறகின் ஓரம் சரிகை வைத்துத் தைத்தது போல இருக்கும். ஈரக்காட்டுப் பூச்சி, வன்னியில் நான் கண்டதில்லை. இருந்தும் அதற்கு என் தொகுப்பில் ஓர் இடம் கொடுத்திருக்கிறேன்.

வரலாற்றுப் பக்கத்துக்கு இன்னும் இரண்டு. வண்ணத்துப்பூச்சியையே கருப்பொருளாக வைத்த முதல் முத்திரை என்று பொதுவாகச் சொல்லப்படுவது போர்னியோத் தீவில் உள்ள சரவாக் 1950 இல் வெளியிட்ட 1 சத முத்திரை: அங்கே ஆண்ட புரூக் மன்னரின் பெயர் தாங்கிய பெரிய கறுப்புப் பச்சைப் பூச்சி. அதற்கும் முன்னே, 1891 இல் ஹவாயின் 2 சத முத்திரையில் அரசி லிலியுவோகலானியின் கூந்தலில் ஒரு வண்ணத்துப்பூச்சி நகை தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பூட்டான் 1968 இல் முப்பரிமாணத்தில் வண்ணத்துப்பூச்சி முத்திரை விட்டது. அசைத்தால் பூச்சி மிதப்பது போல இருக்கும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

6. வாங்கும் முன் பாருங்கள்

என் முதல் பொட்டலத்தில் இருந்த அரபுக் குறுநில முத்திரைகள் பெரும்பாலும் கடிதம் சுமக்கவென்று அச்சிட்டவை அல்ல. சேகரிப்பவர்களுக்கு விற்கவே அச்சிட்டு, மூலையில் ஒழுங்காகச் சீல் குத்தி, பின்பசையோடு பொட்டலம் கட்டினார்கள். முத்திரையைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் சீல் இருக்கிறது, பின்னால் பசை அப்படியே இருக்கிறது என்றால் அது இந்த வகைதான். வைத்திருப்பதில் பிழையில்லை, ஆனால் அதற்குக் காசு கொட்ட வேண்டாம்.

இதை விடப் பொல்லாதது போலி வெளியீடு. ஒரு நாட்டின் பெயரில், அந்த நாட்டுத் தபால் துறைக்கே தெரியாமல் அச்சிடுவது. பூச்சி, பறவை, பூனை எல்லாம் இவர்களுக்குப் பிடித்த பொருள்கள். உலகத் தபால் ஒன்றியம் 2002 முதல் டபிள்யூ.என்.எஸ். என்ற பதிவு முறையை நடத்துகிறது. பங்குபற்றும் நாடுகளின் உண்மையான வெளியீடுகளுக்கு அதில் எண் உண்டு. அதற்குப் பின் வந்த முத்திரை என்றால் முதலில் அங்கே தேடுங்கள். பழையவற்றுக்குக் கொல்நெக்ட் போன்ற இணையப் பட்டியல்கள் உதவும். அங்கே பொருள்வாரியாகத் தேடலாம்.

7. உறையிலிருந்து கழற்றுதல்

முத்திரையைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு உறையை வெட்டுங்கள். இளஞ்சூட்டு நீரில் படம் கீழே பார்க்கும்படி மிதக்க விடுங்கள். 15, 20 நிமிடத்தில் தானாக வழுக்கி வரும். இழுக்க வேண்டாம். பிறகு பசை முழுவதும் போகும்படி வேறு நீரில் அலசி, பழைய வெள்ளைத் தாளில் முகம் கீழாகக் காயவிட்டு, அரைவாசி காய்ந்ததும் தடித்த புத்தகத்துக்குள் வையுங்கள். சிவப்பு, நாவல் நிற உறைகள் சாயம் விடும். அவற்றைத் தனியாக ஊறவையுங்கள். புதிய அமெரிக்க முத்திரைகள் பல ஸ்டிக்கர் வகை, தண்ணீருக்கு அசையாது. அவற்றை உறைத்தாளோடு ஒழுங்காக வெட்டி அப்படியே வைத்துவிடுங்கள். அழகான சீல் இருந்தால் உறையையே முழுதாக வையுங்கள்.

கையால் தொடாதீர்கள். முத்திரை இடுக்கி நுனி மழமழப்பாகவும் தட்டையாகவும் இருக்கும். புருவம் பிடுங்கும் இடுக்கியில் வரி இருக்கும், அது பல் விளிம்பைக் கடித்துவிடும்.

8. மாரியிலிருந்து காத்தல்

இந்தப் படியை அனுபவத்தில் எழுதுகிறேன். என் முதல் தொகுப்பு 2009 இடப்பெயர்வில் போனது. சொப்பிங் பைக்குள் சுற்றிக் கொண்டுதான் போனேன். தரப்பாள் கொட்டிலில் இரண்டு நாள் மழைக்குப் பிறகு திறந்தபோது எல்லாப் பக்கமும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது. அந்த வெந்தய வரியன் முத்திரையும் அதற்குள்தான் இருந்தது. பிரிக்க முயன்றபோது சிறகின் பாதி மற்றப் பக்கத்தோடு போய்விட்டது.

இப்போது நான் செய்வது இது. ஐப்பசிக்கு முன்பே பசையுள்ள புது முத்திரைகளையும் பசை நீங்கியவற்றையும் தனித்தனிப் புத்தகமாக்குவேன். ஈரம் முதலில் தாக்குவது பசையைத்தான். புத்தகத்தை நிமிர்த்தி வைப்பேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பாரத்தில் ஒட்டும். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து, காற்றுப் புகாத பெட்டியில் புத்தகத்தோடு போடுவேன். மழை விட்ட வாடைக்காலக் காலையில், நிலத்தில் ஈரம் இல்லாத நாளாகப் பார்த்து, நிழலில் ஒரு மணிநேரம் பக்கங்களை விரித்து வைப்பேன். வெயிலில் வைத்தால் சிவப்பு நிறம் முதலில் வெளிறும். சோளகம் வீசும் மாதங்களில் ஈரப் பயம் இல்லை, ஆனால் தூசி உண்டு. அப்போது பெட்டி மூடியே இருக்கட்டும்.

கறையான், இராமபாணப்பூச்சி இரண்டுக்கும் தாள் என்றால் விருந்து. மண்சுவரோடு ஒட்டிய தட்டில் வைக்க வேண்டாம். நப்தலின் உருண்டையைப் புத்தகத்துக்குள் போட வேண்டாம், பிளாஸ்ரிக் உறைகளைப் பாதிக்கும். கடையில் கிடைக்கும் மலிவான பிவிசி உறையும் காலப்போக்கில் பிசுபிசுக்கும். லமினேற் செய்வது முத்திரையைக் கொல்வதற்குச் சமம். பிள்ளைகள் ஆசையில் செய்வார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

9. பக்கம் எழுதுதல்

ஒரு பூச்சிக்கு ஒரு பக்கம். மேலே உங்கள் வளவுப் படம். அதன் கீழ் திகதி, இடம், செடி. பிறகு அந்தப் பூச்சி வந்த முத்திரைகள், நாட்டோடும் ஆண்டோடும். ஹெக்டரையும் பொலிட்டஸ் பெண்ணையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வையுங்கள். வெந்தய வரியனையும் மிசிப்பஸையும் அப்படியே. திறந்தவுடன் வேடம் தெரிய வேண்டும்.

முத்திரை ஓவியத்தையும் சோதியுங்கள். பழைய முத்திரைகளில் பல, அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி விரித்த பூச்சியைப் பார்த்து வரைந்தவை. முன்சிறகு மேலே தூக்கி, பின்சிறகு முழுவதும் தெரியும்படி இருக்கும். உயிரோடு இருக்கும் பூச்சி அப்படி உட்காராது. உங்கள் படத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். அதைப் பக்கத்தில் ஒரு வரியில் எழுதுங்கள். எழுத்துப்பிழை உள்ள அறிவியல் பெயர்களும் கிடைக்கும். அவற்றையும் குறியுங்கள். நாங்கள் பூச்சியைப் பார்த்தவர்கள், அதனால் முத்திரையைத் திருத்தும் உரிமை எங்களுக்கு உண்டு.

10. ஓர் அட்டை செய்யுங்கள்

கடைசியாக, செலவில்லாத வேலை ஒன்று. பூச்சி முத்திரை ஒன்று தபாற்கந்தோரில் விற்பனையில் இருக்கும்போது, அதே பூச்சியை உங்கள் வளவில் எடுத்த படத்தைத் தபாலட்டை அளவில் அச்சிடுங்கள். முத்திரையைப் படம் இருக்கும் பக்கத்திலேயே, பூச்சியை மறைக்காத மூலையில் ஒட்டுங்கள். பிறகு உங்கள் உப தபாற்கந்தோருக்குப் போய், சீல் பாதி முத்திரையிலும் பாதி அட்டையிலும் விழும்படி குத்தித் தரச் சொல்லுங்கள். படம், முத்திரை, சீல் மூன்றும் ஒரே பக்கத்தில், ஒரே பொருளில் பொருந்தினால் சேகரிப்பாளர்கள் அதை மாக்சிமம் அட்டை என்பார்கள்.

கூட்டம் இல்லாத நேரமாக, பத்து மணிக்குப் பிறகு போங்கள். மை அதிகமாக இருந்தால் முதலில் ஒரு வெற்றுத் தாளில் குத்திப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஊர்ப் பெயரும் திகதியும் தெளிவாக விழ வேண்டும். என்னிடம் இருக்கும் அட்டையில் "முள்ளியவளை" என்ற ஊர்ப்பெயர் எழுத்தெழுத்தாக வாசிக்கலாம். போஸ்ட் மாஸ்ரர் அம்மா மூன்று முறை ஒத்திகை பார்த்துத்தான் குத்தினார்.